புது ஆர்க்கிட்டில் இலைக்கு அடியில் வெள்ளையாக அப்பியிருக்கிறது, மாவுப்பூச்சியா? எதை அடிப்பது?

மாடிச்செடி_தாம்பரம்:

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் ஒரு நர்சரியில் ஃபேலனாப்சிஸ் ஆர்க்கிட் வாங்கினேன். ஊதாப் பூ, இரண்டு பூந்தண்டு, விலையும் ஆயிரத்துக்கு மேல். வாங்கும்போது இலையெல்லாம் பளபளவென்று இருந்தது, பூவைத்தான் பார்த்தேனே தவிர அடிப்பக்கம் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. இன்று காலை தண்ணீர் ஊற்றும்போது இலையைத் தூக்கினால் அடியில் நடு நரம்பை ஒட்டி வெள்ளை வெள்ளையாக என்னமோ அப்பியிருக்கிறது, இலை தண்டோடு சேரும் இடுக்கிலும் கொஞ்சம். அதே இடத்தில் இலையின் மேல்பக்கம் மஞ்சள் திட்டு விழுந்திருக்கிறது. பூந்தண்டில் மொட்டுக் காம்புக்குப் பக்கத்தில் தெளிவான ஒரு சொட்டு நிற்கிறது, தொட்டால் பிசுக்கென்று ஒட்டுகிறது.

மாமா ஒருவர் மாவுப்பூச்சிதான், வேப்பெண்ணெய் அடி என்கிறார். நர்சரிக்குப் போன் போட்டால் "ஒண்ணும் ஆகாதுங்க, தண்ணிய பீச்சி விடுங்க" என்று வைத்துவிட்டார்கள். வீட்டில் ஏற்கெனவே நாலு தொட்டி டென்ட்ரோபியம், அதாவது இன்னொரு வகை ஆர்க்கிட், இருக்கிறது, அதுக்குப் பக்கத்தில்தான் இதையும் வைத்திருந்தேன், எனக்குப் பெரிய பயமே அதுதான். பூ இருக்கும்போது மருந்து அடிக்கலாமா? வீட்டில் சின்னக் குழந்தை உண்டு, பூனையும் உண்டு, அதனால் கடும் விஷம் வேண்டாம் என்று பார்க்கிறேன்.

வாண்டா_நாகர்கோவில்:

தம்பி, முதல் வேலையாக அந்தச் செடியை டென்ட்ரோபியத்தை விட்டுத் தள்ளி வையுங்கள். வேறு அறை கிடைத்தால் நல்லது. ஃபேன் காற்று இதன்மேல் பட்டு மற்றதன்மேல் போகிற மாதிரி இருக்கக் கூடாது, ஏனென்றால் இந்த வகைப் பூச்சிகளின் குஞ்சுகள் தூசி அளவுதான், காற்றிலேயே போய்ச் சேரும். இதைத் தொட்ட கையோடு அதைத் தொடாதீர்கள், இதற்கு ஊற்றிய தண்ணீர் வடிந்து அந்தத் தொட்டிக்குப் போகவும் கூடாது.

மருந்து அப்புறம். வெள்ளையாக இருப்பதெல்லாம் மாவுப்பூச்சி இல்லை, என்ன பூச்சி என்று தெரியாமல் அடித்தால் மருந்தும் வீண், செடியும் வீண்.

நீங்கள் சொன்னதில் அந்தச் சொட்டை விட்டுவிடுங்கள். பூந்தண்டிலும் மொட்டுக் காம்பிலும் தெளிவாக நிற்கும் ஒட்டுகிற சொட்டு பெரும்பாலும் செடி தானாகச் சுரப்பது, நோயில்லாத செடியிலும் வரும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். இலையின் மேல்பரப்பு பிசுபிசுப்பாக இருக்கிறதா, அதன்மேல் கரும்பூஞ்சணம் படிந்திருக்கிறதா, எறும்பு வரிசையாக ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். இதெல்லாம் இருந்தால் சாறு உறிஞ்சித் தேன் மாதிரிக் கழிவை விடும் பூச்சி மேலே எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் பல் குத்தும் குச்சியால் அந்த வெள்ளையில் கொஞ்சம் சுரண்டி எடுத்து ஒரு தாளில் போடுங்கள், கறுப்புத் தாள் இருந்தால் இன்னும் நல்லது. போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். மாவுப்பூச்சி என்றால் நீள்வட்ட உடம்பு, ஓரம் முழுக்க மெழுகு இழை, கால் உண்டு, தொந்தரவு செய்தால் மெதுவாக நகரும், நசுக்கினால் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ நீர் வரும். காலும் இல்லை, நகரவும் இல்லை, சின்ன மூடி பெயர்ந்து வருகிற மாதிரி வந்தால் அது செதில் பூச்சி. பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஒன்று மட்டும். தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வேர் வெள்ளையாக இருந்தால் அதைப் பூச்சி என்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள். காய்ந்த ஆர்க்கிட் வேர் அப்படித்தான் வெளுத்து இருக்கும், நனைத்தால் பச்சையாகிவிடும்.

செல்வி_மாடித்தோட்டம்:

எனக்கென்னவோ மாவுப்பூச்சி என்றுதான் படுகிறது, சென்னை வெயிலுக்கு அதுதான் எங்கும். எங்கள் வீட்டுச் செம்பருத்தி, பப்பாளி, கத்திரி எதுவும் தப்பியதில்லை. ஆர்க்கிட்டுக்கு மெடிக்கலில் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள், காது பட்ஸில் நனைத்து ஒவ்வொரு பூச்சியாகத் தொட்டு எடுங்கள். பட்ட உடனே அந்த வெள்ளை மெழுகு கரைந்து பூச்சி பழுப்பாகத் தெரியும், அதுதான் செத்ததற்கு அடையாளம். சானிடைசர் ஜெல்லைத் தடவாதீர்கள், அதில் கிளிசரின் எல்லாம் கலந்திருக்கும், இலையில் படிந்துகொள்ளும். அடுப்பு, சாமி விளக்கு பக்கத்தில் வைத்து இந்த வேலையைச் செய்யவே வேண்டாம், குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

எறும்பு இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். எறும்பு மாவுப்பூச்சியைக் காவல் காக்கும், செடிக்குச் செடி தூக்கிக்கொண்டும் போகும். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் ஒரு கல்லின்மேல் நிறுத்திவிட்டால் ஏற முடியாது. தொட்டியின் அடி தண்ணீரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடிச்செடி_தாம்பரம்:

ரொம்ப நன்றி இருவருக்கும். செடியைப் படுக்கையறை ஜன்னலுக்கு மாற்றிவிட்டேன், கதவு மூடியே இருக்கும்.

நாகர்கோவில் அக்கா சொன்னபடி பார்த்தேன். எறும்பு ஒன்றுகூட இல்லை. இலையின் மேல்பக்கம் விரலால் தடவினேன், ஒட்டவே இல்லை, கறுப்பும் கிடையாது. அடிப்பக்கத்தில் இரண்டு விதமாக இருக்கிறது. நரம்பை ஒட்டி ஓர் இடத்தில் குவியலாக வெள்ளை, தேங்காய்த் துருவலைக் கொட்டி வைத்த மாதிரி, சின்னச் சின்னதாக நீளம் நீளமாக. அதைச் சுற்றித் தள்ளித் தள்ளி வட்டமாகத் தட்டையாக வெளிர் மஞ்சளில் புள்ளிகள், கடுகில் பாதிகூட இருக்காது. குச்சியால் தள்ளினால் நகரவில்லை, ஓரத்தில் கொடுத்து நெம்பினதும் மெல்லிய ஓடு ஒன்று பெயர்ந்து வந்தது, அதுக்கு அடியில் மஞ்சளாக ஒரு சின்ன உடம்பு இலையிலேயே ஒட்டிக்கொண்டு இருந்தது. துருவலை நசுக்கிப் பார்த்தேன், பொடியாகப் போனதே தவிர ஆரஞ்சு நீர் எதுவும் வரவில்லை.

இது என்ன?

பூச்சியியல்_கோவை:

நீங்கள் பார்த்துச் சொன்ன விதம் அருமை, படமே தேவைப்படவில்லை. இது மாவுப்பூச்சி இல்லை. கடின ஓட்டுச் செதில் பூச்சி, ஆர்க்கிட்டில் அதிகம் வருவது பாய்ஸ்டுவல் செதில் பூச்சி. அறிவியல் பெயர் டயாஸ்பிஸ் பாய்ஸ்டுவலி. ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது, அதனால்தான் அக்கா முதலில் பாருங்கள் என்று சொன்னது ரொம்பச் சரி.

வட்டமான தட்டை ஓடு பெண். துருவல் குவியல் ஆண். ஆண்கள் கூட்டமாக ஒரே இடத்தில் வெள்ளை மெழுகுக் கூட்டுக்குள் வளரும், அந்தக் குவியலைப் பார்த்துத்தான் எல்லாரும் மாவுப்பூச்சி என்று ஏமாறுவார்கள். வளர்ந்த ஆணுக்குச் சிறகு உண்டு, வாய் கிடையாது, சாப்பிடாது, இனச்சேர்க்கை முடிந்ததும் செத்துவிடும். பெண் அப்படி இல்லை. முட்டையிலிருந்து வந்த குஞ்சு கொஞ்ச நேரம் ஊர்ந்து இடம் பிடிக்கும், வாயை இலையில் குத்தும், அவ்வளவுதான், அப்புறம் காலையும் இழந்துவிடும், சாகும்வரை அதே இடம். மேலே ஓட்டைக் கட்டிக்கொண்டு அதற்கடியிலேயே முட்டையும் இடும். இலையின் மேல்பக்கம் நீங்கள் பார்த்த மஞ்சள் திட்டு அடியில் அது குத்தி உறிஞ்சும் இடம்தான்.

எறும்பு இல்லாததற்கும் காரணம் இருக்கிறது. மாவுப்பூச்சியும் மென்செதில் பூச்சியும் (பெயர்ந்து வரும் தனி ஓடு இல்லாத செதில் வகை) செடியின் சாற்றுக் குழாயில் வாயை வைத்து உறிஞ்சுகின்றன, சர்க்கரை மிஞ்சிப் போய்த் தேனாகக் கழிகிறது, எறும்பு வருகிறது. கடின ஓட்டுச் செதில் பூச்சி சாற்றுக் குழாய்க்குப் போவதே இல்லை, இலையின் செல்களைக் குத்தி அதில் இருப்பதை உறிஞ்சுகிறது. அதனால் தேனும் இல்லை, கரும்பூஞ்சணமும் இல்லை.

சிகிச்சைக்கு வருகிறேன். கையால் எடுப்பதுதான் பாதி வேலை. மென்மையான குழந்தை டூத்பிரஷ் ஒன்றைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து இலையின் அடிப்பக்கம் முழுக்க நரம்பு ஓட்டத்திலேயே தேயுங்கள், ஓடு பெயர வேண்டும், இலை கீறக் கூடாது. இடுக்குகளுக்குப் பட்ஸும் ஆல்கஹாலும். ஓட்டின்மேல் ஆல்கஹால் பட்டால் மட்டும் போதாது, பெயர்த்துத் துடைத்து எடுங்கள். துடைத்த பஞ்சை ஒரு கவரில் போட்டுக் கட்டி வெளியே எறிந்துவிடுங்கள்.

அடுத்தது எண்ணெய். எண்ணெய்ப் படலம் மூச்சுத் துளையை அடைத்துப் பூச்சியைக் கொல்கிறது, இதற்கு ஓடு பெரிய தடையில்லை. வேப்பெண்ணெய் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 5 மில்லி, அதில் முதலில் திரவ சோப்பு 1 அல்லது 2 மில்லி கலந்து, பிறகு எண்ணெய், பால் மாதிரி வெளுக்கும்வரை குலுக்க வேண்டும். எண்ணெய் தனியாக மிதந்தால் அடிக்காதீர்கள், இலை பொசுங்கும். முதலில் ஓர் இலையில் மட்டும் அடித்து இரண்டு நாள் பாருங்கள். அடிப்பது சூரியன் இறங்கினபிறகு மட்டும், தாம்பரத்து மே மாத மத்தியானத்தில் எண்ணெய் அடித்த செடி பிழைக்காது.

ஓட்டுக்கடியில் இருக்கும் முட்டையை எதுவும் முழுசாகக் கொல்லாது. அது பொரித்துக் குஞ்சு ஊரும்போது பிடிக்க வேண்டும், அதனால் 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை என்று குறைந்தது நாலைந்து தடவை செய்யுங்கள். முதல் தடவைக்குப்பின் இலை சுத்தமாகத் தெரியும், பெரும்பாலானவர்கள் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள், அடுத்த மாதம் திரும்ப வந்து நிற்கும்.

பெருந்துறை_விவசாயி:

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? மிளகாய்க்கு அடிக்கிற இமிடாகுளோப்ரிட் 17.8 எஸ்எல், லிட்டருக்கு 0.3 மில்லி, ஒரே ஸ்பிரே. இலை வழியாகச் செடிக்கு உள்ளே போய் எல்லா உறிஞ்சும் பூச்சியையும் முடித்துவிடும். எங்கள் தோட்டத்தில் அசுவினி, இலைப்பேன், வெள்ளை ஈ எல்லாத்துக்கும் அதுதான். ஒரு தொட்டிச் செடிக்கு டூத்பிரஷ் வைத்து உட்கார்ந்திருந்தால் எப்படி?

பூச்சியியல்_கோவை:

ஐயா, வயலில் நீங்கள் சொல்வது வேலை செய்யும், மாவுப்பூச்சியாக இருந்திருந்தால் இங்கும் கொஞ்சம் கேட்டிருக்கும். ஆனால் இமிடாகுளோப்ரிட் செடியின் நீரோட்டத்தில் போகிற மருந்து, இந்தப் பூச்சி வாய் வைப்பது அங்கே இல்லை, அதனால் கடின ஓட்டு வகைக்கு அது சரியாகக் கேட்பதில்லை. இன்னொரு தொல்லை, இமிடாகுளோப்ரிட் சிலந்திப் பூச்சிக்குக் கேட்காது, சில சமயம் அடித்தபிறகு செஞ்சிலந்தி அதிகமாவதையும் பார்க்கிறோம். பூத்திருக்கும் செடி, மாடியில் தேனீ வரும், அதையும் யோசிக்க வேண்டும்.

கையால் எடுத்தும் எண்ணெய் அடித்தும் அடங்கவில்லை என்றால் பூப்ரோபெசின் 25 எஸ்சி இருக்கிறது, லிட்டருக்கு 1 மில்லி. அது குஞ்சு தோலுரிப்பதைத் தடுக்கும் மருந்து, வளர்ந்த பூச்சியைக் கொல்லாது, அதனால் உடனே பலன் தெரியாது. திறந்த வெளியில், கையுறையும் முகக்கவசமும் போட்டு, குழந்தையும் பூனையும் இல்லாத நேரத்தில் மட்டும்தான். வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம்.

கேட்டவருக்கு ஒரு எச்சரிக்கை. கரப்பானுக்கு அடிக்கும் ஸ்பிரேயை எடுத்து அடித்துவிடாதீர்கள். அதில் இருக்கும் கரைப்பான் இலையைப் பொசுக்கும், பெர்மெத்ரின் வகை மருந்து பூனைக்கு உயிராபத்து. பழைய கடைகளில் சிலர் டைகுளோர்வாஸ் என்ற பூச்சிமருந்தை எடுத்து நீட்டுவார்கள், அது இந்தியாவில் 2020 டிசம்பர் 31-ஓடு தடை செய்யப்பட்டது, வாங்காதீர்கள். ஃபேலனாப்சிஸ் செடி பூனைக்கு விஷமில்லை, கடித்தாலும் பயமில்லை, நாம் மேலே அடிப்பதுதான் ஆபத்து.

செல்வி_மாடித்தோட்டம்:

ஒரு சந்தேகம் சார். பொறிவண்டு விட்டால் தின்றுவிடும் என்கிறார்களே, பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோது எங்கள் ஊரில் ஏதோ பூச்சி கொடுத்தார்கள்.

பூச்சியியல்_கோவை:

அது பொறிவண்டு இல்லை அம்மா. பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோவையில்தான் முதலில் பதிவானது, மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று எல்லாத்தையும் அழித்தது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற குட்டிக் குளவியை வரவழைத்து விட்டார்கள், அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும், கொஞ்ச காலத்தில் அடங்கிவிட்டது. அந்தக் குளவி அந்த ஒரு மாவுப்பூச்சிக்கு மட்டும்தான். நீங்கள் கேட்ட பொறிவண்டு கிரிப்டோலீமஸ், அது மாவுப்பூச்சி தின்னும். அதன் புழுவும் வெள்ளை இழையோடு பெரிய மாவுப்பூச்சி போலவே இருக்கும், ஆனால் சுறுசுறுப்பாக ஓடும், செம்பருத்தியில் பார்த்தால் கொன்றுவிடாதீர்கள். அறைக்குள் ஒரே ஒரு தொட்டிக்கு அதை வாங்கி விடுவதில் பிரயோஜனம் இல்லை, ஜன்னல் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

கிள்ளான்_ஆர்க்கிட்:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எல்லாரும் இலையைப் பற்றியே பேசுகிறீர்கள், தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கடையில் வரும் ஃபேலனாப்சிஸ் பெரும்பாலும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கப்பில், இறுக அடைத்த பாசியில் (காய்ந்த ஸ்பாக்னம் மாஸ்) இருக்கும். செடியை மெதுவாக வெளியே எடுத்தால் நடுவில் குட்டிக் கன்றாக இருந்தபோது வைத்த பாசிக் கட்டி அப்படியே ஈரமாக, சில சமயம் அழுகி இருக்கும். வேர் மேல் பூச்சி இருந்தால் அங்கேதான் இருக்கும். எல்லாப் பாசியையும் பிரித்து எறிந்துவிட்டு, வேரைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, கொழகொழவென்று இருக்கும் வேரை மட்டும் வெட்டி, கெட்டியாக இருக்கும் வேரை விட்டுவிடுங்கள். வெட்டும் கத்திரியை ஒவ்வொரு செடிக்கும் முன்னால் நெருப்பில் காட்டிக்கொள்ளுங்கள், ஆர்க்கிட்டுக்கு அதிகம் வரும் வைரஸ் இரண்டும், சிம்பிடியம் மொசைக்கும் ஓடொன்டோகுளோசம் வளைய நோயும், பெரும்பாலும் கத்திரியில்தான் பரவும், அதற்கு மருந்தே கிடையாது. உங்கள் ஊர் வெக்கைக்குப் புதுப் பாசி வேண்டாம், கரித்துண்டும் ஓட்டுத்துண்டும் கொஞ்சம் தேங்காய் மட்டைத் துண்டும் போதும்.

இன்னொன்று, பூச்சி கொல்லாத செடியைத் தண்ணீர் கொல்லும். ஃபேலனாப்சிஸைக் கழுவினாலும் மருந்து அடித்தாலும் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கும். ராத்திரி முழுக்க அப்படியே நின்றால் குருத்து அழுகிவிடும், இதற்கு ஒரே ஒரு குருத்துதான், போனால் அநேகமாகச் செடியே போன மாதிரி. அடித்து முடித்ததும் தொட்டியைச் சாய்த்து வடிய விட்டு, டிஷ்யூவைத் திரித்து நடுவில் வைத்து ஈரத்தை ஒற்றி எடுங்கள், கொஞ்ச நேரம் ஃபேன் போடுங்கள்.

மாடிச்செடி_தாம்பரம்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. இப்போதுதான் டூத்பிரஷ் வேலை முடித்தேன், துடைத்த பஞ்சு முழுக்க அந்தத் துருவல்தான். இரண்டு கேள்வி மட்டும். பூந்தண்டை வெட்டிவிட வேண்டுமா? இன்னும் ஆறேழு மொட்டு இருக்கிறது, மனசே வரவில்லை. டென்ட்ரோபியத்தில் வெளியே எதுவும் தெரியவில்லை, அதுக்கும் அடிக்கணுமா?

வாண்டா_நாகர்கோவில்:

பூந்தண்டை வைத்துக்கொள்ளலாம், ஆனால் கணுவைப் பாருங்கள். ஒவ்வொரு கணுவிலும் தண்டைக் கட்டிப் பிடித்த மாதிரி ஒரு சின்ன முக்கோணத் தோல் இருக்கும். அதற்கடியில் ஒளிந்துகொண்டால் இலையை எத்தனை தடவை தேய்த்தாலும் அங்கிருந்து திரும்ப இறங்கி வரும். குச்சி நுனியால் தோலின் ஓரத்தை மெதுவாக நிமிர்த்திச் சுற்றி உரித்து எடுங்கள், உள்ளே இருக்கும் முளைக்கண்ணைக் குத்தாமல். ஒன்றிரண்டு இருந்தால் ஆல்கஹால் பட்ஸில் தொட்டு எடுக்கலாம். தண்டு முழுக்க ஏறியிருந்தால் யோசிக்காமல் வெட்டிவிடுங்கள், செடி பிழைத்தால் அடுத்த தண்டு தானாக வரும். பூவின்மேல் எண்ணெயோ ஆல்கஹாலோ படக் கூடாது, கறை விழும், மொட்டும் உதிரும். அடிக்கும்போது பூப்பக்கம் ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள். கிள்ளான் சகோதரர் சொன்ன மாதிரி தொட்டி மாற்றுவதைப் பூ முடிந்ததும் செய்யலாம், ஆனால் வேரில் இப்போதே வெள்ளை தெரிந்தாலோ பாசி நாறினாலோ காத்திருக்காதீர்கள், மொட்டு போனால் போகட்டும்.

டென்ட்ரோபியத்துக்குச் சும்மா மருந்து வேண்டாம். பழைய தண்டுகளில் காய்ந்த சருகு மாதிரி இலையுறை ஒட்டிக்கொண்டிருக்கும் பாருங்கள், அதையெல்லாம் உரித்து எடுத்துவிடுங்கள், செதில் பூச்சிக்குப் பிடித்த இடமே அதுதான். உரித்த தண்டை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, வாராவாரம் இலையைத் திருப்பிப் பாருங்கள். ஃபேலனாப்சிஸில் கடைசிப் பூச்சியைப் பார்த்த நாளிலிருந்து ஒரு மாதமாவது தள்ளியே இருக்கட்டும், இடையில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் திரும்ப முதல் நாளிலிருந்து எண்ணுங்கள்.